டர்பன் படகுல ஹவுஸ் பேட்டரி: ட்ரோஜன் ஜோடி, லித்தியம், ரெண்டையும் ஓட்டிப் பார்த்த ரிவ்யூ

ஹவுஸ் பேட்டரின்னா இன்ஜின் ஸ்டார்ட் பண்றது இல்ல, படகுக்குள்ள ஃப்ரிட்ஜ், லைட், கருவிங்களை ஓட்டற பேட்டரி. முதல்லயே முடிவைச் சொல்லிடறேன். வாரக் கடைசில மட்டும் படகை வெளிய எடுத்துட்டு மத்த நாள் மெரினால கரை கரண்ட்ல சொருகி வச்சிருக்கிறவங்களுக்கு லித்தியம் வேண்டாம், ட்ரோஜன் மாதிரி நல்ல லெட் ஆசிட் ஜோடி (ஈயத் தகடும் ஆசிடும் இருக்கற பழைய வகை) ஒண்ணு போதும், மிச்ச காசுக்கு பாய்மரத் துணியோ கயிறோ வாங்குங்க. நங்கூரம் போட்டு நாள்கணக்கா கிடக்கிறவங்க, மேல ரிச்சர்ட்ஸ் பே தாண்டிப் போறவங்க, கீழ கேப் டவுன் வரைக்கும் இறங்கற பிளான் வச்சிருக்கிறவங்க, உங்களுக்கு லித்தியம்தான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா எந்த பேட்டரி வாங்கலாம்னு கேக்கறதுக்கு முன்னாடி அதை எதை வச்சு சார்ஜ் பண்ணப் போறோம்னு கேக்கணும், நம்ம மெரினால பத்துல எட்டு பேர் அதைக் கேக்கறதே இல்ல.

நம்ம படகு 38 அடி, பழைய ஃபைபர் ஸ்லூப் (ஒத்தைப் பாய்மரப் படகு), நானும் மச்சானும் பாதிப்பாதி. மச்சான் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல பொறந்து வளர்ந்தவர், தமிழ் காதுல விழுந்தா புரியும், எழுத்து தெரியாது, அதனால இங்க அவரைப் பத்தி என்ன எழுதினாலும் நான் சேஃப்.

செலவுக் கணக்கு எங்களுக்கு இப்படி வருது. ஃப்ரிட்ஜ்தான் பெரிய திருடன், 12 வோல்ட் டான்ஃபாஸ் கம்ப்ரஸர், ஓடும்போது 4 ஆம்ப் சுமார், டர்பன் வெயில்ல நாள்ல பாதி நேரம் ஓடிட்டே இருக்கும், அதுலயே 50 ஆம்ப் ஹவர் (ஆம்ப் பெருக்கல் மணி நேரம்) போயிடும். லைட் எல்லாம் எல்இடி, அது ஒண்ணும் பெருசில்ல. ஃபோன், லேப்டாப், விஹெச்எஃப் ரேடியோ, தண்ணி பம்ப் எல்லாம் சேர்த்தா நங்கூரத்துல நாளுக்கு 80 கிட்ட. கடல்ல ஓடிட்டு இருக்கும்போது ஆட்டோ பைலட், பிளாட்டர் (கடல் மேப் ஸ்க்ரீன்), ரேடார், ராத்திரி நேவிகேஷன் லைட்னு சேர்ந்து 150ஐ ஈஸியா தாண்டிடும். இந்தக் கணக்கைப் பேப்பர்ல போடாம கடைக்குப் போனீங்கன்னா கடைக்காரர் கிட்ட என்ன ஸ்டாக் இருக்கோ அதுதான் உங்க படகுக்கு வரும்.

முன்னாடி இருந்தது ட்ரோஜன் டி-105 ஜோடி. கோல்ஃப் வண்டிக்குன்னு செஞ்ச 6 வோல்ட் பேட்டரி, 225 ஆம்ப் ஹவர், ரெண்டை சீரிஸ்ல கட்டினா 12 வோல்ட். ஒண்ணு 28 கிலோ, பில்ஜ் (படகோட அடிப்பள்ளம்) பக்கத்துல குனிஞ்சு தூக்கி வைக்கும்போது முதுகு பேசும். ஆனா பேட்டரி நல்ல பேட்டரி, தகடு தடிமன், மட்டமான 'மரைன் டீப் சைக்கிள்' லேபிள் ஒட்டின 12 வோல்ட் பேட்டரியோட இதை ஒரே வரில கூட வைக்கக் கூடாது. அந்த லேபிள் ஒட்டினதுல பாதி உண்மையில ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு ஒண்ணு விட்ட தம்பிதான், தூக்கிப் பார்த்தாலே வெயிட் சொல்லிடும்.

225ன்னு போட்டிருந்தாலும் பாதிக்குக் கீழ இறக்கக் கூடாது, அப்போ கைல இருக்கறது 110 சொச்சம். சரி, அதுலயும் பெரிய கஷ்டம் இல்ல. கஷ்டம் திரும்ப நிரப்புறதுல. லெட் ஆசிட் சார்ஜ் ஆகறது காலி பஸ்ல ஜனம் ஏறற மாதிரி, முதல்ல கடகடன்னு ஏறிடும், 80 சதவீதம் தாண்டினப்புறம் ஒவ்வொருத்தரா நெருக்கித்தான் உள்ள போகணும். அந்தக் கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் மூணு நாலு மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல. நங்கூரத்துல கிடந்துட்டு அதுக்காக டீசல் இன்ஜினை ஐட்லிங்ல ஓட்டினா பேட்டரியும் நிறையாது, இன்ஜினும் லோடு இல்லாம ஓடி கரி பிடிச்சுப் பாழாகும். அதனால என்ன ஆகும்னா எல்லாரும் 80, 85ல நிறுத்திடறாங்க, மறுநாள் திரும்ப பாதிக்கு இறக்கறாங்க, திரும்ப 80, இப்படியே போனா தகட்டுல படியற லெட் சல்ஃபேட் கெட்டியாகி உறைஞ்சு போகும், அதுக்கப்புறம் எந்த சார்ஜர் போட்டாலும் முழுசா கரையாது. லெட் ஆசிட் பெரும்பாலும் வயசாகிச் சாகறதில்ல, இப்படி அரைவயித்துல கிடந்துதான் சாகுது.

இது நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசு இல்ல. 2022, 2023ல லோட் ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட் கட்) ஸ்டேஜ் 6 ஓடினப்போ வீட்டுக்கு வீடு கேட் மோட்டார் பேட்டரி, அலாரம் பேட்டரி, அந்தச் சின்ன 7 ஆம்ப் ஹவர் சீல்டு டப்பா, செத்துச் செத்து விழுந்துச்சே, ஏன்? கரண்ட் வர்ற இடைவெளில அது நிறையறதுக்குள்ள அடுத்த ஸ்லாட் வந்துடும். அதே நோய்தான் படகுலயும், பெரிய சைஸ்ல.

சோலார் இருந்தா லெட் ஆசிட் பிழைக்கும், இதை நான் ட்ரோஜன் பக்கம் நின்னே சொல்றேன். அந்தக் கடைசி 20ஐ மெதுவா பொறுமையா நிரப்பறதுக்கு சோலாரை விட நல்ல ஆள் கிடையாது. காலைல இன்ஜின் கொஞ்ச நேரம், மீதி நாள் முழுக்க வெயில், இதுதான் சரியான ஜோடி. எங்க பின்பக்க ஆர்ச்ல 170 வாட் பேனல் ரெண்டு இருக்கு, 100 வாட்டுக்கு நாளுக்கு 30 ஆம்ப் ஹவர்னு வச்சுக்கோங்க, நல்ல வெயில்ல 100 கிட்ட வரும். பூம் (பாயோட அடிக் கட்டை) நிழல் பேனல் மேல ஒரு கை அகலம் விழுந்தா போச்சு, பாதி கூட வராது, அதனால நங்கூரத்துல பூமை ஒரு பக்கமா இழுத்துக் கட்டி வைங்க.

ட்ரோஜன் மெயின்டனன்ஸ் பத்தி சுருக்கமா. டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் ஏத்தினதுக்கு அப்புறம்தான் ஊத்தணும், முன்னாடி ஊத்தினா சார்ஜ் ஏறும்போது பொங்கி ஆசிட் வெளிய வரும். தகடு வெளிய தெரியற அளவு தண்ணி இறங்கியிருந்தா மட்டும், மூழ்கற அளவு கொஞ்சம் ஊத்திட்டு சார்ஜ் போடுங்க. குழாய்த் தண்ணி கூடவே கூடாது. அப்சார்ப்ஷன் (கடைசிப் பகுதியை நிரப்பற கட்டம்) 14.8 வோல்ட் கிட்ட வேணும், கரை சார்ஜர் 14.2ல நிக்குதுன்னா அது உங்க பேட்டரியைப் பட்டினி போடுது. ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி பார்க்கற கருவி) ஒண்ணு வாங்கி வைங்க, முழு சார்ஜ்ல எல்லா செல்லும் 1.277 கிட்ட காட்டணும், ஒரு செல் மட்டும் தனியா கீழ நின்னா ஈக்வலைஸ் (வேணும்னே கூடுதலா ஏத்தி செல்லுங்களைச் சமப்படுத்தறது) பண்ணணும், அது 15.5 வோல்ட்டுக்கு மேல போகும், அந்த நேரம் ரேடியோ, பிளாட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் கழட்டி விடணும், ஹேட்ச் திறந்து வைக்கணும், ஏன்னா அப்போ வர்றது ஹைட்ரஜன். சிகரெட் பிடிக்கிற மச்சான்களைக் கரைக்கு அனுப்பிடணும்.

சூடு இன்னொரு எதிரி. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு சொல்வாங்க. டர்பன் பிப்ரவரில மூடின இன்ஜின் ரூம் எவ்வளவு கொதிக்கும்னு கை வச்சுப் பாருங்க, அங்க போய் எந்த பேட்டரியையும் வைக்காதீங்க, லித்தியமும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இப்போ லித்தியம். லித்தியம்னா எல்லாம் ஒண்ணு இல்ல, படகுக்கு வேண்டியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எல்எஃப்பின்னு சொல்றது. பழைய எலெக்ட்ரிக் கார்லேர்ந்து உருவின செல்லை பெட்டில போட்டு 'படகுக்கு சூப்பர்'னு விக்கிறாங்க, அதுல பல வகை வேற கெமிஸ்ட்ரி, சூடாகித் தறிகெட்டா அணைக்கிறது ரொம்பக் கஷ்டம். எல்எஃப்பி அந்த விஷயத்துல நிதானமானது. என்ன கெமிஸ்ட்ரின்னு கேட்டு பதில் வரலைன்னா கடையை விட்டு வந்துடுங்க.

நாங்க போட்டது 12.8 வோல்ட், 200 ஆம்ப் ஹவர், ஒரே பெட்டி, உள்ள 200 ஆம்ப் பிஎம்எஸ் (செல்லுங்களைக் காவல் காத்து, ஆபத்துன்னா பேட்டரியைத் துண்டிக்கிற எலெக்ட்ரானிக்ஸ்). வெயிட் ட்ரோஜன் ஜோடில பாதி கூட இல்ல, ஒரே ஆள் தூக்கி வச்சாச்சு. 200ல 160 தாராளமா எடுக்கலாம். முக்கியமா அந்த பஸ் நெரிசல் கிடையாது, 30 சதவீதத்துலயும் அதே வேகம், 90லயும் கிட்டத்தட்ட அதே வேகம், கொடுக்கறதை எல்லாம் வாங்கிக்கும். பாதில நிறுத்தினாலும் கோவிச்சுக்காது, நாள்கணக்கா 60லயே கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது, சொல்லப்போனா அதுக்கு அதுதான் பிடிக்கும். நங்கூரத்துல ரெண்டு நாள் மேகம் மூடினா ட்ரோஜன் காலத்துல மனசுல ஒரு ஓரத்துல அரிச்சுட்டே இருக்கும், இப்போ அது இல்ல. எனக்கு லித்தியம்ல பெரிய லாபம் வெயிட்டோ, எத்தனை தடவை ஏத்தி இறக்கலாம்ங்கற சைக்கிள் கணக்கோ இல்ல, இந்த நிம்மதிதான்.

ஆனா 'டிராப் இன்'னு சொல்லி விக்கிறாங்க பாருங்க, பழசைத் தூக்கிட்டு புதுசை அதே ஒயர்ல மாட்டினா போதும்னு, அதை நம்பாதீங்க. கொடுக்கறதை எல்லாம் வாங்கும்னு சொன்னேன்ல, ஆல்டர்னேட்டர் (இன்ஜின்ல கரண்ட் எடுக்கற மெஷின்) கிட்டயும் அப்படித்தான் பிடுங்கும். 80 ஆம்ப்னு ஸ்டிக்கர் ஒட்டின சாதாரண இன்ஜின் ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கா முழு லோடுல ஓடறதுக்கு செஞ்சது இல்ல, அதுவும் குறைஞ்ச ஆர்பிஎம்ல ஃபேன் காத்து கம்மி, வைண்டிங் வெந்துடும். லெட் ஆசிட் தானே குறைச்சுக்கிட்டதால இத்தனை நாள் ஆல்டர்னேட்டர் தப்பிச்சுது. அடுத்த வில்லங்கம், சார்ஜ் ஏறிட்டு இருக்கும்போது பிஎம்எஸ் ஏதோ காரணத்துல டக்குனு கதவைச் சாத்திட்டா ஆல்டர்னேட்டர்ல வந்துட்டு இருந்த கரண்டுக்குப் போக இடம் இல்லாம வோல்டேஜ் எகிறும், டயோடு போகும், நேரம் சரியில்லைன்னா கூட இருக்கற எலெக்ட்ரானிக்ஸும் போகும்.

இதுக்கு எங்க வழி, ஆல்டர்னேட்டர் நேரா ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு, அது பழையபடி லெட் ஆசிட், அங்கேர்ந்து விக்ட்ரான் ஓரியன் டிசி டு டிசி சார்ஜர் வழியா லித்தியத்துக்கு 30 ஆம்ப். பிஎம்எஸ் சாத்தினாலும் ஆல்டர்னேட்டர் பக்கம் லெட் பேட்டரி இருக்கு, அதிர்ச்சியை அது தாங்கிக்கும். 30 ஆம்ப் கம்மின்னு தோணும், ஆனா எங்களுக்கு சோலார்தான் முக்கிய சோறு, இன்ஜின் ஊறுகாய், அதனால போதும். இந்த ஓரியன் நல்லா சூடாகும், 40 டிகிரி தாண்டின இடத்துல வச்சா தானே அவுட்புட்டைக் குறைச்சுக்கும், காத்தோட்டமா மாட்டணும். புதுசா ஓரியன் எக்ஸ்எஸ்னு 50 ஆம்ப் ஒண்ணு வந்திருக்கு, சூடு ரொம்பக் கம்மி, இன்னிக்கு வாங்கினா அதைத்தான் வாங்குவேன். நிறைய மோட்டார்ல ஓடறவங்க, பெரிய பேட்டரி பேங்க் வச்சிருக்கிறவங்க ஆல்டர்னேட்டர் சூட்டைப் பார்த்துக் குறைக்கிற எக்ஸ்டர்னல் ரெகுலேட்டர் பக்கம் போங்க, வேக்ஸ்பீடு, பால்மர் மாதிரி, அது தனி வேலை, தனிச் செலவு.

ஃபியூஸ்ல கஞ்சத்தனம் வேண்டாம். லித்தியம் ஷார்ட் ஆனா வர்ற கரண்ட் ஆயிரக்கணக்குல, சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ள ஆர்க் நிக்காம எரியலாம். பேட்டரி பாசிட்டிவுக்குப் பக்கத்துலயே கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்க. நம்ம ஊர்ல எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வச்சுத்தான் வாங்கணும், ஸ்பேர் ஒண்ணு சேர்த்து வாங்குங்க.

பிஎம்எஸ் ரேட்டிங் பத்தியும் யாரும் பேசறதில்ல. 100 ஆம்ப் ஹவர் பெட்டில 100 ஆம்ப் பிஎம்எஸ்தான் பெரும்பாலும் இருக்கும். 1000 வாட் விண்ட்லாஸ் (நங்கூரம் தூக்கற மோட்டார்) அழுத்தினா அதுவே 80, 90 ஆம்ப், நங்கூரம் சேத்துல பிடிச்சுக்கிட்டா இன்னும் எகிறும். 2000 வாட் இன்வெர்ட்டர்ல கெட்டில் போட்டா 170க்கு மேல. பிஎம்எஸ் டப்புனு ஆஃப், படகு முழுக்க இருட்டு. மெரினால இது சிரிப்பு. டர்பன்லேர்ந்து ஈஸ்ட் லண்டன் சுமார் 250 நாட்டிக்கல் மைல், நடுவுல வைல்ட் கோஸ்ட், ஒதுங்க நல்ல துறைமுகம் ஒண்ணு கிடையாது, அகுல்ஹாஸ் நீரோட்டம் தெக்கால தள்ளிட்டு இருக்கும்போது எதிர்ல தென்மேற்குக் காத்து வந்தா அலை என்ன ஆகும்னு இங்க கடல்ல போறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அங்க ராத்திரி ஆட்டோ பைலட்டும் நேவிகேஷன் லைட்டும் ஒண்ணா போனா சிரிப்பு வராது. அதனால நாங்க ஒரு சுவிட்ச் வச்சிருக்கோம், அதைத் திருப்பினா விஹெச்எஃப், நேவிகேஷன் லைட், பிளாட்டர் மூணும் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு மாறிடும். முழு லித்தியம் படகுல கூட ஒரு லெட் பேட்டரி இருக்கணும்னு நான் பிடிவாதமா சொல்றது இதுக்குத்தான். அக்டோபர் நவம்பர்ல ரியூனியன் தீவுலேர்ந்து ரிச்சர்ட்ஸ் பேக்கு வந்து சேர்ற படகுங்களைப் பார்த்திருப்பீங்க, அங்க பேசிப் பாருங்க, அனுபவப்பட்டவங்க படகுல இந்த ஏற்பாடு ஏதோ ஒரு ரூபத்துல இருக்கும்.

இந்த மொத்தக் கூட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருள் பேட்டரியே இல்ல, விக்ட்ரான் ஸ்மார்ட்ஷன்ட், பேட்டரில எவ்வளவு மிச்சம்னு காட்டற மீட்டர். லெட் ஆசிட்னா வோல்டேஜ் பார்த்து ஓரளவு சொல்லலாம், லோடு இல்லாம கொஞ்ச நேரம் விட்டா 12.7 முழுசு, 12.2 பாதி. லித்தியம்ல 90லயும் 13.2 சொச்சம், 40லயும் 13.1 சொச்சம், வோல்ட் மீட்டர் வேலைக்கே ஆகாது, உள்ள போற ஆம்பும் வெளிய போற ஆம்பும் எண்ணணும். ஷன்ட் அதைத்தான் பண்ணுது. ஸ்க்ரீன் கிடையாது, ஃபோன்ல ப்ளூடூத்ல பார்க்கணும், அது பிடிக்காதவங்க தனி ஸ்க்ரீன் இருக்கற பிஎம்வி-712 வாங்கலாம். மாட்டும்போது ஒரே விதி, பேட்டரி நெகட்டிவ்ல ஷன்ட்டுக்குப் போற ஒரே ஒரு கேபிள்தான் இருக்கணும், மத்த எல்லா நெகட்டிவும் ஷன்ட்டுக்கு அந்தப் பக்கம். சோலார் நெகட்டிவை நேரா பேட்டரில மாட்டிட்டு 'ஷன்ட் பொய் சொல்லுது'ன்னு திட்டறவங்களை மெரினால பார்த்துட்டேதான் இருக்கேன். அப்புறம் செட்டிங். ஃபேக்டரில வர்றப்போ சார்ஜ்டு வோல்டேஜ் (பேட்டரி நிறைஞ்சுதுன்னு ஷன்ட் எடுத்துக்கற அளவு) 13.2ல இருக்கும், லித்தியத்துக்கு அதை அப்படியே விட்டா பாதி காலியா இருக்கும்போதே 100ன்னு காட்டும், 14 கிட்ட ஏத்துங்க, பியூகெர்ட்டை (வேகமா எடுத்தா கொள்ளளவு எவ்வளவு குறையும்ங்கற எண்) 1.05க்கு இறக்குங்க. அஞ்சுக்கு அஞ்சு. ட்ரோஜன் வச்சிருக்கிறவங்களும் வாங்கலாம், பேட்டரி மாத்தறதுக்கு முன்னாடி இதை மாட்டிப் பாருங்க, பாதிப் பேருக்கு பிரச்சனை பேட்டரி இல்ல சார்ஜிங்னு தெரிஞ்சு போகும்.

ஷன்ட்டால இன்னொரு பிரயோஜனம், பேட்டரி சொன்ன கொள்ளளவு இருக்கான்னு சோதிக்கலாம். முழுசா ஏத்தி, ஒரு நிலையான லோடு போட்டு, பிஎம்எஸ் கட் ஆகற வரைக்கும் விட்டு எண்ணிக்கையைப் பாருங்க. பக்கத்து பெர்த் அங்கிள் ஆன்லைன்ல மலிவா வாங்கின ஒரு '200'ஐ இப்படிப் பார்த்தப்போ 160ஐத் தாண்டல, பில் இருந்ததால மாத்திக் கொடுத்தாங்க. வாரண்டி நாள் முடியறதுக்குள்ள இதைச் செஞ்சுடுங்க.

எங்க பேட்டரி வாங்கின கடை டர்பன்லயே, படகுக் கடை இல்ல, லோட் ஷெட்டிங் காலத்துல இன்வெர்ட்டர் வித்து வளர்ந்த கடை. பேர் போடலை, விளம்பரம்னு சொல்வீங்க. போனதும் ஆம்ப் ஹவர் கேக்கல, 'ஆல்டர்னேட்டர் என்னது, விண்ட்லாஸ் எவ்வளவு'ன்னு கேட்டாங்க, அங்கயே எனக்குப் பிடிச்சுப் போச்சு. கிளாஸ் டி ஃபியூஸ் அவங்க கிட்ட இல்ல, கேபிள் டின் பூசாத சாதா காப்பர், உப்புக் காத்துல பச்சை பூத்துடும், அதை வேற இடத்துல வாங்கினோம். அஞ்சுக்கு நாலு.

அதே கடைல மச்சானுக்குக் கண்ணு போனது சுவர்ல மாட்டற 48 வோல்ட், 5 கிலோவாட் ஹவர் வீட்டு பேட்டரி மேல. கிலோவாட் ஹவர் கணக்குப் போட்டா படகு பேட்டரியை விட மலிவு, அது உண்மை, நிறைய பேர் கேக்கற கேள்வியும் இதுதான். வீட்டுக்குன்னா தாராளமா வாங்குங்க. ஆனா 12 வோல்ட் படகுல அதைக் குறைக்க கன்வெர்ட்டர் வேணும், அந்த கன்வெர்ட்டர் போனா எல்லாம் போச்சு, அலைல படகு அடிக்கிற அடிக்கு அந்தப் பெட்டியும் அதோட கனெக்டரும் செஞ்சது இல்ல, உள்ள ஈரம் போகாம இருக்கவும் செஞ்சது இல்ல. லித்தியத்துக்கு சின்னப் படகு ஸ்டாண்டர்டே தனியா இருக்கு, ஐஎஸ்ஓ 23625ன்னு 2021ல வந்தது, அமெரிக்கால படகு ஸ்டாண்டர்டு போடற ஏபிஒய்சியோட இ-13. இன்ஷூரன்ஸ்காரங்க கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கோங்க, யார் மாட்டினது, என்ன சர்டிஃபிகேட்னு அப்புறம் கேப்பாங்க. மச்சான் இன்னும் முழுசா ஒத்துக்கல.

லித்தியத்துக்குப் பராமரிப்பு பெருசா இல்ல, தண்ணி ஊத்தற வேலையே கிடையாது. எப்பவாவது 14.2 வரைக்கும் முழுசா ஏத்தி கொஞ்ச நேரம் விடுங்க, அப்போதான் பிஎம்எஸ் உள்ள நாலு செல்லையும் சமப்படுத்தும். தினமும் 100ல பிடிச்சு வைக்க வேண்டாம், படகைப் பூட்டிட்டு ஊருக்குப் போறப்போ 50, 60ல விட்டு மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க, சோலார் தனியா ஏத்திட்டே இருக்காம பார்த்துக்கோங்க. ட்ரோஜனுக்கு நேர் எதிர், அதை முழுசா நிரப்பி, சார்ஜ் சொட்டிட்டே இருக்கற மாதிரிதான் விடணும். ரெண்டு லித்தியத்தைப் பேரலல்ல கட்டறதா இருந்தா தனித்தனியா முழு சார்ஜ் பண்ணி வோல்டேஜ் ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டு இணைங்க. ஜீரோ டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணக் கூடாதுங்கறது டர்பன்ல கவலை இல்ல, அதே பேட்டரியைக் குளிர்காலத்துல டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு, கேரவானுக்குத் தூக்கிட்டுப் போறவங்க மட்டும் லோ டெம்பரேச்சர் கட் இருக்கான்னு பாருங்க.

பழைய ட்ரோஜனைக் குப்பைல போட்டுடாதீங்க, ஈயத்துக்கு ஸ்கிராப் விலை உண்டு, புதுசு வாங்கற கடைலயே எடுத்துப்பாங்க, பில்லுல கழிக்கச் சொல்லிக் கேளுங்க, கேக்காட்டி கழிக்க மாட்டாங்க.